ஜிடிபியின் சிம்பல் முறைப்பாடுகள்: கை வைத்த பிறகு வரும் கோளாறுகள்

ஜிடிபி என்ற டிபகர் (புரோகிராமில் பிழை தேட உதவும் கருவி) ஒரு புரோகிராமின் சிம்பல்களை, அதாவது ஃபங்ஷன், மாறி போன்றவற்றின் பெயர்களையும் விவரங்களையும், வாசிக்கும்போது, கோப்பில் ஏதாவது கோணலாக இருந்தால் ஒரு செய்தி போடும்; அதைத்தான் முறைப்பாடு (கொம்ப்ளெயின்ட்) என்கிறோம். அந்தச் செய்திகளைக் கையாளும் பகுதியைத் திருத்தி ஒழுங்குபடுத்துவது வெளியிலிருந்து பார்க்கச் சின்ன வேலை. அதன் மூலநிரல் கோப்பும் சின்னது, சில நூறு வரிகள்தான். ஆனால் கிளிநொச்சி அறிவியல்நகரிலும் வவுனியா பம்பைமடுவிலும் படிக்கும் பல்கலைக்கழகப் பிள்ளைகள் இதில் இறங்கிவிட்டுக் கேட்கும் கேள்விகள் திரும்பத் திரும்ப ஒரே மாதிரித்தான் வருகின்றன. "அண்ணை, கொம்பைல் ஆகுது, டெஸ்டும் பாஸ், ஆனா மெசேஜ் ஒண்டும் வரேல்லை."

அதனால் அறிகுறி வாரியாக எழுதுகிறேன். எந்த அறிகுறியானாலும் மூன்று கேள்விகளைத் தனித்தனியாகக் கேளுங்கள்: செய்தி எங்கே பிறக்கிறது, எந்தத் திரெட்டில் (புரோகிராமுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் வேலை இழைகளில் எதில்) பிறக்கிறது, எங்கே அச்சாகிறது? இவற்றை ஒன்றாகக் குழப்புவதால்தான் அரைவாசிக் கோளாறுகள் வருகின்றன. கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது வழக்கமான எழுத்தில் தட்டுங்கள்.

முதலில் ஒரு கெட்ட கோப்பு வேண்டும். நல்ல கோப்பை வைத்துக்கொண்டு எச்சரிக்கைச் செய்தியைச் சோதிக்க முடியாது. ஜிடிபியின் சோதனைத் தொகுப்பில் ட்வார்ஃப் தகவலை (டிபகருக்காகக் கொம்பைலர் கோப்பில் எழுதி வைக்கும் விவரங்களை) கையால் கட்டும் கருவி ஒன்று இருக்கிறது. கடைசியில் அதைத்தான் பயன்படுத்த வேண்டும். ஆனால் ஆரம்பத்துக்கு இலகுவான வழி இது: ஒரு சின்ன சி புரோகிராமை ஜிசிசியில் மைனஸ் ஜி, மைனஸ் ஜிட்வார்ஃப்-4, மைனஸ் பெரிய எஸ், மைனஸ் டிஏ ஆகிய தெரிவுகளோடு அசெம்பிளியாக எடுங்கள். டிஏ போட்டால் ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் அது எந்தப் பண்பு என்ற குறிப்பு வரும். ஒரு ஃபங்ஷனின் 'டெக்ல் ஃபைல்' என்ற வரியைத் தேடி, அங்குள்ள கோப்பு எண்ணை இல்லாத ஓர் எண்ணாக, உதாரணமாக 99 ஆக, மாற்றி அசெம்பிள் செய்யுங்கள். இப்போது ஜிடிபிக்கு 'ஃபைல் இன்டெக்ஸ் அவுட் ஒஃப் ரேஞ்ச்' என்று முறையிட ஒரு காரணம் கிடைத்துவிட்டது. ட்வார்ஃப் 4 என்று சொல்லிக் கேட்பதற்குக் காரணம் உண்டு: 5ஆம் பதிப்பில் அந்த எண் வேறு அட்டவணைக்குள் போய் ஒளிந்துகொள்ளலாம், தேடி நேரம் போகும்.

அறிகுறி: செய்தி வரவே இல்லை

முதல் சந்தேகம், உங்கள் கோடில் இல்லை. ஜிடிபி பிறவியிலேயே இந்த முறைப்பாடுகளை மூடி வைத்திருக்கிறது. 'செட் கொம்ப்ளெயின்ட்ஸ்' என்ற அமைப்பின் தொடக்க மதிப்பு 0. உள்ளே அதைத் தாங்கும் மாறியின் பெயர் 'ஸ்டொப் வைனிங்'. முணுமுணுப்பை நிறுத்து என்று பெயர் வைத்தவருக்கு நல்ல நகைச்சுவை உணர்வு. மோசமாகக் கட்டப்பட்ட சிம்பல் கோப்புகள் உலகத்தில் ஏராளமாக இருப்பதால்தான் இந்த முடிவு.

சரி, 'செட் கொம்ப்ளெயின்ட்ஸ் 10' என்று போட்டும் வரவில்லையா? எப்போது போட்டீர்கள் என்று பாருங்கள். கட்டளை வரியில் மைனஸ் ஈஎக்ஸ் மூலம் கொடுத்தால், ஜிடிபி புரோகிராமை வாசித்து முடித்த பிறகுதான் அந்தக் கட்டளையை ஓட்டும். அதற்குள் முறைப்பாடு பிறந்து, பேசாமல் செத்துப்போயிருக்கும். மைனஸ் ஐஈஎக்ஸ் என்று கொடுங்கள். அது கோப்பை ஏற்றுவதற்கு முன்பே ஓடும். வரவில்லை என்று சொல்பவர்களில் நிறையப் பேருக்கு இந்த ஓர் எழுத்து மாற்றமே போதுமாக இருக்கிறது.

இன்னும் வரவில்லை என்றால், ஜிடிபியின் சோம்பேறித்தனத்தைக் கணக்கில் எடுங்கள். அது எல்லாத் தகவலையும் ஒரே மூச்சில் வாசிப்பதில்லை. முதலில் பெயர்களை மட்டும் மேலோட்டமாகப் பொறுக்கி ஓர் அட்டவணை போடும். ஒரு கோப்பின் முழுவிவரத்தை, நீங்கள் அதில் பிரேக்பொயின்ட் வைக்கும்போதோ பட்டியல் கேட்கும்போதோதான் விரிக்கும். மேலே சொன்ன கோப்பு எண் முறைப்பாடு இந்த இரண்டாம் கட்டத்தில் பிறப்பது. எனவே மைனஸ் ரீட்நௌ தெரிவோடு திறந்து, எல்லாவற்றையும் உடனே விரிக்க வையுங்கள். அப்போது வந்தால், உங்கள் மாற்றத்தில் பிழை இல்லை. பார்த்த நேரம்தான் பிழை.

இதற்குத் தலைகீழான வடிவமும் உண்டு: முதல் தடவை வருகிறது, இரண்டாம் தடவை அதே கோப்பைத் திறந்தால் வரவில்லை. இன்டெக்ஸ் கேஷ் இயங்குகிறதா என்று பாருங்கள். தயாரான அட்டவணை வட்டில் இருந்தால் ஜிடிபி மேலோட்ட வாசிப்பையே தாண்டிவிடும். அந்தக் கட்டத்தில் பிறக்க வேண்டிய முறைப்பாடுகளும் பிறக்காது. 'செட் இன்டெக்ஸ்-கேஷ் எனேபிள்ட் ஒஃப்' போட்டுவிட்டுச் சோதியுங்கள். கோப்புக்குள்ளேயே ஜிடிபி இன்டெக்ஸ் பகுதி சேர்க்கப்பட்டிருந்தாலும் இதே கதை.

இவ்வளவுக்கும் பிறகு வரவில்லை என்றால்தான் கோடைத் திறக்க வேண்டும். அப்போது நான் முதலில் தேடுவது, முன்பு எச்சரிக்கையாக இருந்த ஒன்றை யாராவது முறைப்பாடாக மாற்றிவிட்டார்களா என்பதை. 'எல்லாம் ஒரே மாதிரி இருக்கட்டும்' என்று மாற்றியிருப்பார்கள். எச்சரிக்கை எப்போதும் தெரியும், முறைப்பாடு 0 என்பதால் தெரியாது. பார்வைக்கு அழகான திருத்தம். பயனாளருக்குத் தேவையான ஒரு தகவல் சத்தமில்லாமல் காணாமல் போய்விடும்.

அறிகுறி: முதல் ஒன்றிரண்டு வருகிறது, பிறகு வேறு செய்திகளும் சேர்ந்து அடங்கிவிடுகின்றன

எனக்குப் பிடித்த கோளாறு இது. இதன் காரணத்தைக் கண்டுபிடித்தால் அந்தப் பகுதி முழுவதும் விளங்கிவிடும்.

ஜிடிபி ஒவ்வொரு முறைப்பாட்டையும் எத்தனை தடவை சொன்னது என்று எண்ணி வைக்கிறது. 'செட் கொம்ப்ளெயின்ட்ஸ் 3' என்றால் ஒரே வகை முறைப்பாட்டை மூன்று தடவைக்கு மேல் சொல்லாது. ஒரே வகை என்பதை எப்படி அறிகிறது? செய்தியின் எழுத்துகளை ஒப்பிட்டு அல்ல. ஃபோர்மட் சரத்தின் (செய்தியின் அச்சு வார்ப்புருவின்) நினைவக முகவரியை, அதாவது அந்தப் பொயின்டரையே, சாவியாக வைத்து ஒரு மேப்பில் எண்ணுகிறது. 2018இல் இந்தப் பகுதி எளிமையாக்கப்பட்டபோது வந்த ஏற்பாடு இது. அதற்கு முன்பு ஒவ்வொரு அழைப்பிலும் 'சிம்ஃபைல் கொம்ப்ளெயின்ட்ஸ்' என்ற அமைப்பின் முகவரியை முதல் உள்ளீடாகக் கொடுக்க வேண்டியிருந்தது. பழைய பாட்ச் ஒன்றை எடுத்துப் புதிய மூலநிரலில் பொருத்தப் பார்ப்பவர்களுக்கு முதலில் விழும் கொம்பைல் பிழை அந்த உள்ளீட்டால்தான்.

இப்போது, நீங்கள் அழகாக ஒரு துணை ஃபங்ஷன் எழுதி, செய்தியை முன்கூட்டியே ஒரு சரமாகக் கட்டி, கடைசியில் 'பெர்சென்ட் எஸ்' என்ற ஒரே ஃபோர்மட்டோடு முறைப்பாட்டை அழைக்கிறீர்கள் என்று வையுங்கள். எல்லாச் செய்திகளுக்கும் இப்போது ஒரே முகவரி. ஆகவே எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணி (கவுன்டர்). மூன்று செய்தி போனதும், முற்றிலும் வேறான நான்காவது செய்தியும் அடைபட்டுவிடும். டெஸ்டில் ஒரே ஒரு முறைப்பாடு மட்டும் இருந்தால் இது பிடிபடவே படாது.

இதற்குத் தீர்வு, ஃபோர்மட் சரத்தைப் பிறந்த இடத்திலேயே, அந்தந்த அழைப்பிலேயே நிலையாக வைத்திருப்பது. துணை ஃபங்ஷன் கட்டாயம் வேண்டும் என்றால் அதுவும் ஃபோர்மட்டையும் உள்ளீடுகளையும் அப்படியே வாங்கி அப்படியே கடத்தட்டும். அச்சு ஃபோர்மட்டைச் சரிபார்க்கும் அட்ரிபியூட்டையும் அதன் தலையில் போடுங்கள். மக்ரோவாக எழுதினால் இன்னும் நல்லது.

நேர்மாறான பிழையும் பார்த்திருக்கிறேன்: கட்டிய சரத்தையே ஃபோர்மட்டாக அனுப்புவது. அப்போது ஒவ்வொரு தடவையும் முகவரி வேறாகலாம், எல்லை வேலை செய்யாமல் ஒரே செய்தி கொட்டிக்கொண்டே இருக்கும். அல்லது விடுவித்த நினைவகத்தின் முகவரியே அடுத்த சரத்துக்கும் கிடைத்து, தொடர்பில்லாத இரண்டு செய்திகள் ஒரே எண்ணியைப் பகிரும். எது நடக்கும் என்று சொல்ல முடியாது. அதோடு, அந்தச் சரத்துக்குள் ஒரு சி பிளஸ் பிளஸ் சிம்பலின் பெயர் இருந்து, அது மீதம் காணும் ஒப்பரேட்டராக இருந்தால், பெயரிலுள்ள சதவீதக் குறியை ஜிடிபி ஃபோர்மட் குறியாக எடுத்துக்கொண்டு குப்பையை அச்சிடும் அல்லது விழுந்துவிடும். கொம்பைலர் இதற்கு எச்சரிக்கை தரும். அந்த எச்சரிக்கையை அடக்கிவிட்டு மேலே போகாதீர்கள்.

அறிகுறி: செய்தி கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது

முறைப்பாட்டை எச்சரிக்கையாக மாற்றியிருக்கிறீர்கள். சிஸ்டம் லைப்ரரி ஒவ்வொன்றும் ஏற்றப்படும்போது திரை நிரம்பும். திருப்பி மாற்றுங்கள். விதி இலகு: கோப்பைக் கட்டிய கொம்பைலரின் தவறு, ஜிடிபி சமாளித்துக்கொண்டு போகும் என்றால் முறைப்பாடு. பயனாளர் ஏதாவது செய்ய வேண்டும் என்றால் எச்சரிக்கை. மேற்கொண்டு போகவே முடியாது என்றால் பிழை.

அறிகுறி: எழுத்துகள் கலந்து வருகின்றன, அல்லது சில நேரம் மட்டும் ஜிடிபி விழுகிறது

இங்கேதான் திரெட் வருகிறது. ஜிடிபி 15ஆம் பதிப்பிலிருந்து, திரெட் வசதி உள்ள கணினிகளில் ட்வார்ஃப் வாசிப்பு பின்னணியில் நடக்கிறது. நீங்கள் பிரொம்ட்டில் தட்டிக்கொண்டிருக்கும்போதே வேலைத் திரெட்டுகள் மேலோட்ட அட்டவணையைக் கட்டிக்கொண்டிருக்கும். அவற்றில் ஒன்று நேரடியாகத் திரையில் எழுதப் போனால், பக்கம் பிரிப்பது, நிறம் போடுவது எல்லாம் முதன்மைத் திரெட்டை நம்பி எழுதப்பட்டவை என்பதால் எதுவும் நடக்கலாம்.

சரியான ஏற்பாடு ஏற்கெனவே கோடில் இருக்கிறது. வேலைத் திரெட் ஒன்று வேலையைத் தொடங்கும்போது ஓர் இடைமறிப்பானை வைக்கிறது. அது அந்தத் திரெட்டுக்கு மட்டும் சொந்தமான மாறி. அங்கே பிறக்கும் முறைப்பாடுகள் முழு எழுத்துச் சரங்களாக அதற்குள் சேரும். வேலை முடிந்ததும் முதன்மைத் திரெட் அவற்றை வாங்கி அச்சிடும். ஒவ்வொரு கிராம சேவையாளரும் தன் பிரிவு முறைப்பாடுகளை எழுதி வைத்து, பிரதேச செயலகத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது மாதிரி. யாரும் நேரே போய் மேசையில் தட்டுவதில்லை.

எனவே சோதிக்க வேண்டியது இவ்வளவுதான்: நீங்கள் புதிதாகச் சேர்த்த பாதையில் யாராவது இடைமறிப்பானைத் தாண்டி நேராக எழுதுகிறார்களா? 'மெயின்ட் செட் வேர்க்கர்-திரெட்ஸ் 0' போட்டு ஓட்டுங்கள். கோளாறு மறைந்தால் காரணம் திரெட்தான். 'மெயின்ட் செட் ட்வார்ஃப் சின்க்ரனஸ் ஒன்' போட்டுப் பின்னணி வாசிப்பை மட்டும் நிறுத்தியும் பாருங்கள். இரண்டுக்கும் வேறுபாடு தெரிந்தால் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறையும். இரண்டு கட்டளைகளையும் மைனஸ் ஐஈஎக்ஸிலேயே கொடுக்க வேண்டும்.

நம் பக்கத்து லப்டொப்களில் ஒரு விசேஷம். கையிலிருப்பது பெரும்பாலும் இரண்டு கோர் உள்ள பழைய இயந்திரம். வேலைத் திரெட்டுகளின் எண்ணிக்கை கோர்களைப் பார்த்துத் தீர்மானிக்கப்படுவதால், வீட்டில் இந்தப் பிழை வராமலே இருக்கும். பீடத்து ஆய்வுகூடக் கணினியில் ஓட்டினால் உடனே வரும். "வீட்டை நல்லா ஓடினது, இங்க வந்தா விழுது" என்பதற்குப் பின்னால் மாயம் ஒன்றும் இல்லை. வீட்டு இயந்திரத்திலேயே 'வேர்க்கர்-திரெட்ஸ் 8' என்று கூட்டி வைத்து, பெரிய புரோகிராம் ஒன்றைத் திரும்பத் திரும்பத் திறக்க வையுங்கள். ஜிடிபியைவிடப் பெரிய புரோகிராம் தேடி அலைய வேண்டாம். ஜிடிபியிலேயே ஜிடிபியைத் திறக்கலாம். திரெட் சானிடைசரோடு (திரெட்டுகள் மோதுவதைக் கண்டுபிடிக்கும் கொம்பைலர் வசதியோடு) கொம்பைல் செய்து ஓட்டினால் இன்னும் உறுதியாகப் பிடிபடும். ஆனால் நினைவகம் நிறையக் கேட்கும். நான்கு ஜிபி உள்ள இயந்திரத்தில் மற்ற எல்லாவற்றையும் மூடிவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

எண்ணியைப் பாதுகாக்கும் பூட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேப்பில் எண்ணுவதற்கு மட்டும் பூட்டுங்கள். அச்சிடும்போதும் பிடித்துக்கொண்டே இருந்தால், அச்சுப் பாதைக்குள் இன்னொரு முறைப்பாடு பிறந்தால் அது அதே பூட்டுக்காகக் காத்து நிற்கும், ஜிடிபி உறைந்துவிடும்.

அறிகுறி: செய்தியில் உள்ள எண் பொய்

செய்தி வருகிறது, ஆனால் அது சொல்லும் பதினாறடிமான (ஹெக்ஸ்) முகவரிக்குப் போய்ப் பார்த்தால் அங்கே ஒன்றும் இல்லை. எண்ணை எழுத்தாக்கும் துணை ஃபங்ஷன்கள் ஒரு சுழல் பஃபரின் உள்ளே இருக்கும் இடத்தைத் திருப்பித் தருகின்றன. உடனே அச்சிடும்வரை பிரச்சினை இல்லை. நீங்கள் ஃபோர்மட்டையும் பொயின்டர்களையும் சேமித்து வைத்துப் பிறகு அச்சிட்டால், அதற்குள் பஃபர் ஒரு சுற்றுச் சுற்றி வேறு எண் அங்கே குடியேறியிருக்கும். தள்ளிப்போடும் செய்தியை எப்போதும் பிறந்த கணத்திலேயே முழு எழுத்தாக்கி, சரத்தைத்தான் சேமிக்க வேண்டும்.

அறிகுறி: டெஸ்ட் ஒரு நாள் பாஸ், ஒரு நாள் ஃபெயில்

இடைமறிப்பான் செய்திகளைச் சேர்ப்பது வரிசை இல்லாத கணம் (செட்) ஒன்றில். அதனால் இரண்டு விளைவுகள்: அச்சு அசலாக ஒரே எழுத்துள்ள செய்திகள் ஒன்றாகிவிடும், எந்தச் செய்தி முதலில் வரும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. வரிசையை எதிர்பார்த்து எழுதிய டெஸ்ட் தடுமாறத்தான் செய்யும். டெஸ்டை மாற்றி, வரிசை பாராமல் எல்லாம் வந்ததா என்று மட்டும் பார்க்க வையுங்கள். கணத்தை வரிசைப் பட்டியலாக மாற்றலாமே என்று தோன்றும். மாற்றினால் ஒரே செய்தி ஆயிரம் தடவை சேராமல் நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும்; எனக்கு அது லாபமாகத் தெரியவில்லை.

சேர்த்தவற்றை முதன்மைத் திரெட்டில் திரும்ப வெளியிடும்போது முறைப்பாட்டு ஃபங்ஷனையே மறுபடி அழைத்தீர்களா என்றும் பாருங்கள். அப்படி அழைத்தால் ஏற்கெனவே எண்ணப்பட்டவை இரண்டாம் தடவை எண்ணப்படும், அதுவும் 'பெர்சென்ட் எஸ்' என்ற பொது முகவரியில். மேலே சொன்ன அடங்கிப்போகும் கோளாறு வேறு வாசலால் உள்ளே வந்துவிடும்.

எப்போதும் ஃபெயில் ஆகிறது என்றால், எதிர்பார்க்கும் எழுத்தைப் பாருங்கள். 'டியூரிங் சிம்பல் ரீடிங்' என்ற முன்னொட்டுக்குப் பின்னால் பழைய பதிப்புகளில் காற்புள்ளி, இப்போது முக்காற்புள்ளி. பழைய ஸ்கிரிப்டுகள் இந்த ஒரு குறியில் தடுக்கி விழும். மாற்றத்துக்குப் பிறகு முதலில் ஓட்ட வேண்டியது 'மெயின்ட் செல்ஃப்டெஸ்ட் கொம்ப்ளெயின்ட்ஸ்'. சில நொடியில் முடியும். அது தேறினால் மட்டும் ட்வார்ஃப் டெஸ்டுகளைத் தொடங்குங்கள்.

அறிகுறி: எல்லாம் சரி, ஆனால் கோப்பு ஏற மெதுவாகிவிட்டது

முறைப்பாட்டு அழைப்பு ஒரு மக்ரோ. மதிப்பு 0 என்றால் அதன் உள்ளீடுகள் கணிக்கப்படுவதே இல்லை. அதை ஃபங்ஷனாக மாற்றினால், யாரும் பார்க்கப் போகாத செய்திக்காக ஒவ்வொரு தடவையும் பெயர், எண் எல்லாம் எழுத்தாக்கப்படும். மக்ரோவைத் திருப்பி வையுங்கள்.

புரோகிராமைத் திறக்கும்போது ஜிடிபி டிபக் தகவலை இணையத்திலிருந்து இறக்கட்டுமா என்று கேட்டு நின்றால், அது வேறு விஷயம். போன் டேட்டாவில் இருப்பவர்கள் 'செட் டிபக்இன்ஃபோடி எனேபிள்ட் ஒஃப்' போட்டுவிடுவது நல்லது; வாரத்துக்குப் போட்ட டேட்டா ஒரு மாலையில் போய்விடும்.

அறிகுறி: செய்தி எந்தக் கோப்பைப் பற்றியது என்றே தெரியவில்லை

பல ட்வார்ஃப் முறைப்பாடுகளின் கடைசியில் 'இன் மொடியூல்' என்று கோப்பின் பெயர் சதுர அடைப்புக்குள் வரும். சிலவற்றில் இல்லை, மேலே நாம் உண்டாக்கிய கோப்பு எண் செய்தியிலும் இல்லை. ஒழுங்குபடுத்த நினைப்பவர்களுக்குப் பயனுள்ள வேலை இதுதான் என்பேன். ஒரே பாட்சில் எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். பரிசீலிப்பவர் ஒவ்வொரு வரியையும் தனியாகப் பார்க்க வேண்டியிருக்கும்.

அறிகுறி: 'ஃபைல் ட்ரங்கேட்டட்' என்று லிங்கர் சொல்கிறது

கோடில் ஒன்றும் இல்லை. கார்த்திகை, மார்கழி மழையில் இடி இடித்துக் கரண்ட் போனபோது பாதி எழுதிய ஒப்ஜெக்ட் கோப்புகள் வட்டில் கிடக்கின்றன. நேரமுத்திரை புதியதாக இருப்பதால் மேக் அவற்றைத் திரும்பக் கட்டாது. முழுவதையும் சுத்தம் செய்தால் பழைய லப்டொப்பில் நீண்ட நேரம் போகும். பூச்சிய அளவுள்ள ஒப்ஜெக்ட் கோப்புகளை ஃபைன்ட் கட்டளையால் தேடி அவற்றை மட்டும் அழித்துவிட்டு மேக்கை மறுபடி ஓட்டுங்கள். அதற்குப் பிறகும் லிங்கர் ஒரு கோப்பின் பெயரைச் சொல்லி முறையிட்டால், அதையும் அழியுங்கள்.